பாதை கேட்பதற்காகக் காட்டிய பாதைகள்

மல்வேர்ன், ரொறன்ரோ
18.06.2025

அன்பு மகள் நிருஜாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகன் வாகீசனும் பேத்தி அட்சயாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். பெற்ற பிள்ளையோடு எவ்வளவு கோபம் என்றாலும் கடிதத்தை இந்த வரியில்தான் தொடங்கவேண்டும் என்று எங்களைப் பழக்கிவிட்டார்கள். எழுதியாகிவிட்டது. இனி மிச்சத்தை வாசி.

மூன்று கிழமையாக நீ கோல் எடுப்பதும் நான் போனைக் கவிழ்த்து வைப்பதுமாகப் போகிறது. போன் பழுது என்று அம்மா உனக்குச் சொன்னாவாம். போனில் ஒரு பழுதும் இல்லை, எனக்குத்தான் உன்னோடு கதைக்க மனமில்லை. கதைத்தால் நீ நடுவில் புகுந்து ‘அப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ’ என்று தொடங்குவாய், பிறகு அழுவாய், நான் இளகிவிடுவேன், சின்ன வயதிலிருந்து உன் வித்தை அதுதானே. கடிதத்தில் உன்னால் குறுக்கே வரமுடியாது. வீட்டுப் புதினம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கட்டடத்தில் இரண்டு லிஃப்றில் ஒன்று நின்று பதினொரு நாளாகிறது, மற்றதற்கு முன்னால் தேர்த்திருவிழாக் கூட்டம். அம்மாவின் முழங்காலுக்கு டொக்ரர் ஊசி போட்டார், இப்போது நடக்கிறா, நின்று என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்குச் சுகம். ஸ்ரௌவ்வில்லில் உன் தம்பி கிருபன் புது வீட்டுக்குப் பின்வேலி அடிக்கப் போகிறான். பக்கத்து வீட்டுக்காரன் ஏதோ ஒரு கோட்டைக் காட்டினானாம், இவன் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். வேலிக்கு முதல் சர்வேயரைக் கூப்பிட வேண்டாமா என்று கேட்டால் ‘அப்பா, உது கனடா’ என்கிறான். நான் பெற்ற இரண்டும் வேலியின் அருமை தெரியாததுகள்.

விசயத்துக்கு வருகிறேன். போன மாசியில் நீ ரிக்கற் போட்டு அனுப்பியபோதே எனக்கு ஒரு யோசனை இருந்தது. பத்து வருசமாக லீட்ஸில் இருக்கிறாய், ஒருநாளாவது அப்பாவைக் கூப்பிட்டு ஊர் சுற்றிக் காட்டவேண்டும் என்று நினைத்தவளில்லை. திடீரென்று இங்கிலாந்தின் நாட்டுப்புறம் காட்டவேண்டும், கடற்கரைக் கிராமம் காட்டவேண்டும், எட்டு நாளுக்குக் கல்வீடு ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறேன் என்றாய். ‘அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, நீங்கள் மட்டும் வாங்கோ’ என்றாய். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று எனக்கு அப்போதே பட்டிருக்கவேண்டும். எனக்குப் படவில்லை. மகள் பாசத்தில் கூப்பிடுகிறாள் என்று பிளாசாவில் ரீ குடிக்கிற ஆட்கள் எல்லாருக்கும் பெருமை அடித்துவிட்டு விமானம் ஏறினேன். இப்போது அந்தப் பக்கம் போனால் ‘எப்பிடி அண்ணை இங்கிலாந்து’ என்று கேட்கிறார்கள், நான் ரீ வாங்காமலே திரும்பி வருகிறேன்.

அந்தக் கிராமங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை நீ நாலு தரம் கேட்டாய். நல்லாயிருக்கு என்று நான் சொன்னது மருமகனின் முகத்துக்காக. உள்ளதை இப்போது சொல்கிறேன். ஒரே ஒரு கார் போகிற அகலத்துக்கு ரோட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் மதிலைக் கட்டி, எதிரே உழவு மெசின் வந்தால் அரைக் கட்டை தூரம் பின்னுக்கு ஓட்டிக்கொண்டு போவதை அழகு என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. வீடுகளுக்கு நம்பர் இல்லை, பெயர்தான், தபால்காரன் பாவம். வாசற்கதவு என் காதளவு உயரம், குனிந்து போயும் இரண்டு தரம் நெற்றியில் வாங்கினேன். பப் என்று கூட்டிப்போன இடத்தில் மேசையில் சாப்பாடு, மேசைக்குக் கீழே நாய். மீன்பிடிக்கிற ஊர் என்று சொல்லிக் கூட்டிப்போனாய். துறையில் நாலு வள்ளம் நின்றது, நாலும் ஆட்களை ஏற்றிச் சவாரி விடுகிற வள்ளம். பச்சை மீன் எங்கே வாங்கலாம் என்று கேட்டால் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கிற கடையைக் காட்டுகிறார்கள், அந்த மீனும் வேறு எங்கேயோ பிடித்து ஐஸில் வந்ததாம். மீன்பிடிக்கிற சனம் இருந்த வீடுகளெல்லாம் இப்போது பணக்காரர் விடுமுறைக்கு வந்து போகிற வீடுகள், கதவுக்குக் கதவு சாவிப் பெட்டி தொங்குகிறது, கிழமை நாளில் தெருவில் ஒரு சனம் இல்லை. ஸ்கோன் என்கிற பணியாரத்துக்கு முதலில் ஜாம் பூசுவதா கிறீம் பூசுவதா என்று நீயும் மருமகனும் கால்மணி நேரம் வாதாடினீர்கள். பணியாரம் காய்ந்து போயிருந்தது, எதை முதலில் பூசினாலும் அது தொண்டையில்தான் நிற்கும்.

ஒன்றைப் பார்த்து மட்டும் முதல்நாள் மகிழ்ந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மதில்கள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லோடு கல்லை அடுக்கி இடுப்பளவு உயரத்தில் மலை உச்சிவரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். இருநூறு வருசமாக அப்படியே நிற்கிறது என்றார் மருமகன். எல்லையின் பெறுமதி தெரிந்த மனிதர்கள் என்று மனதுக்குள் மெச்சினேன். அடுத்த வளைவில் பார்த்தால் அதே மதிலில் ஏறி இறங்கக் கல்லாலேயே படி வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்று கைகாட்டி மரம். தனி ஆளுடைய காணிக்குள்ளால் ஊரார் யாரும் நடந்து போகலாம், சொந்தக்காரன் மறிக்க முடியாது, அது சட்டம் என்று நீ எனக்குப் பாடம் எடுத்தாய். மதிலையும் கட்டி அதில் ஏறப் படியும் வைக்கிறவனை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. வரமாட்டேன் என்று நின்றேன், நீ கையைப் பிடித்து இழுத்தாய், எழுபத்தொரு வயதில் பிறத்தியான் காணிக்குள் மதிலேறி இறங்கினேன். உள்ளே மாடுகள். நடுக்காணிக்கு வந்தபோது சொந்தக்காரன் நாலு சில்லு மோட்டார் சைக்கிளில் நேரே எங்களை நோக்கி வந்தான். மன்னிப்புக் கேட்க ஆங்கிலத்தில் வசனம் கட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கையைத் தூக்கி, நல்ல வெயில் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவனுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மட்டும் ஐந்து பேருடைய காணி. ஒவ்வொரு படலையைத் தாண்டும்போதும் நீ ஒரு வார்த்தை போட்டுக்கொண்டு வந்தாய். ‘வழி விட்டதாலை இவையின்ரை காணி குறைஞ்சு போகேல்லைத்தானே அப்பா.’ ‘சனம் நடந்து புல்லுச் சாகேல்லைத்தானே அப்பா.’ நான் அதை வழிக்கதை என்று நினைத்து ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். என் வாயாலேயே எத்தனை ஓம் வாங்கிவிட்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

நாலாம் நாள் நடந்ததை நீ எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும், கிருபன் இங்கே வந்து அதை எனக்கே நடித்துக் காட்டினான். கடற்கரை ஊரிலிருந்து மேட்டிலுள்ள தேவாலயத்துக்குப் போகிற பாதை அது. ஏறிக் களைத்துப்போனேன், பாதிவழியில் பாயளவு தட்டைக் கல் ஒன்று கிடந்தது, அதில் ஏறிச் சம்மணம் கட்டி இருந்து, நீ ஈயத்தாளில் சுற்றித் தந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினேன். அட்சயா பக்கத்துப் பலகையை வாசித்துவிட்டு ‘அம்மப்பா, கெற் அப், நீங்கள் இருக்கிறது கொஃபின் ஸ்ரோன்’ என்றாள். அந்தக் காலத்தில் கீழே செத்தவர்களைத் தோளில் சுமந்துகொண்டு ஏறும்போது களைப்பாற இறக்கி வைக்கிற கல்லாம். வாயில் வைத்த புட்டு வாயிலேயே நின்றது. மருமகன் மிச்சத்தையும் வாசித்துச் சொன்னார். சவம் போவதற்கென்று இருந்த பாதை இது, ஒருமுறை ஒரு சவம் போன வழி பிறகு என்றைக்கும் பொதுவழியாகிவிடும் என்று அந்தச் சனம் நம்பினார்களாம், அதனால் காணிக்காரர் சிலர் சவத்தை உள்ளே விடவே பயப்படுவார்களாம். நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய், துடக்கென்று அப்பா அருவருக்கிறார் என்று நினைத்தாய்.

துடக்கும்தான். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தோயாமல் படியேறாத குடும்பத்தில் பிறந்தவன் சவக்கல்லில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன், அதைக் கழுவாமல் ஒரு அடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ கத்தக் கத்த இறங்கி வந்து, சேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையோடு கடலுக்குள் போனேன். வைகாசி மாதத்துக் கடல்தானே என்று நினைத்தது என் பிழை. முதல் முழுக்கில் மூச்சு நின்றது. மூன்று முழுக்குப் போடவேண்டும் என்று மூன்றாவதுக்கும் போனேன், கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது, அலை அடித்து விழுத்தியது. யாரோ இரண்டு வெள்ளையர் வந்து கக்கத்தில் பிடித்து இழுத்தார்கள், கிழவன் சாக இறங்கினான் என்று நினைத்திருப்பார்கள். மணலிலிருந்து மேலே ஏறக் கிட்டடி வழி ஒரு வீட்டின் முற்றத்துக்குள்ளால்தான். ஸ்டெபனி என்று பெயர் சொன்னாளே, அந்த மனுசியின் வீடு. அவள் படலையைத் திறந்து, என்னைக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி, நாய் நாற்றம் அடிக்கிற கம்பளி ஒன்றைப் போர்த்தினாள். நீ பத்துத் தரம் நன்றி சொன்னாய். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னதை நான் விறைத்துப்போய் இருந்தாலும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். இது தன் நல்ல மனம் இல்லை என்றாள். கடலுக்குப் போகிற வழி இந்த முற்றத்தால்தான் என்று வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது, வாங்கியபோது அதை அடைக்கப் பார்த்தேன், முடியவில்லை என்றாள். கோப்பை கழுவுகிற யன்னலுக்கு முன்னால் நாயும் சேற்றுச் சப்பாத்துமாகச் சனம் போகிறது, இருபத்தாறு வருசத்தில் ஒரு நாளும் எனக்கு இது பிடித்ததில்லை, ஆனால் படலையைப் பூட்டுவதில்லை என்றாள். அந்த எட்டு நாளில் நான் சந்தித்த ஆட்களில் மதித்தது அவள் ஒருத்தியைத்தான். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னாள்.

அடுத்த நாள் காலை, காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தவனிடம் ரீயையும் ஒரு உறையையும் கொண்டுவந்து வைத்தாய். அதற்காகத்தானே இவ்வளவு நாடகம். ஊரில் எங்கள் காணிக்குப் பின்னால் இருக்கிற சண்முகநாதன் பாரிசவாதம் வந்து சில்லுக் கதிரையில் இருக்கிறான், அவனுடைய ஒழுங்கை ஒரு ஆள் அகலம், மாரியில் குளம், ஆட்டோ போகாது, அம்புலன்ஸ் போகாது, கிளினிக்குக்குக் கொண்டுபோக நாலு பேர் கதிரையோடு தூக்கவேண்டும். அவன் மகன் உனக்கு எழுதினானாம், எங்கள் மேற்கு வேலியோரமாகப் பத்தடி விட்டால் நேரே கல்ரோட்டுக்கு வந்துவிடலாமாம், நீயும் ஓம் என்று எழுதிவிட்டாயாம். காணி உன் பெயரில் இருக்கிறது, உன் கலியாணத்துக்குச் சீதனமாக நான் எழுதித் தந்ததுதான். உயிர் இருக்குமட்டும் சீவிய உருத்தை எனக்கும் அம்மாவுக்கும் வைத்து எழுதியபடியால் எங்கள் இரண்டு பேருடைய சம்மதக் கையெழுத்தும் வேண்டும். கடதாசியைப் பிரித்துப் பார்க்கிறேன், அம்மாவின் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது, பங்குனி மாதத் திகதியோடு. உன் அம்மா தவமணிக்குப் பயணம் வர முழங்கால் ஏலாமல் போனது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நாற்பது வருசம் என்னோடு குடித்தனம் நடத்தியவ, எனக்குத் தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு, விமான நிலையத்தில் என் கழுத்துக்குச் சால்வை கட்டிவிட்டு அனுப்பினா. வேலியே பயிரை மேய்ந்தால் ஆருக்குச் சொல்லி அழுவது.

நீ செய்தது களவு, நிருஜா. இருந்து, முகத்தைப் பார்த்து, அப்பா, சண்முகநாதனுக்குப் பாதை விடுங்கோ என்று கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், அதோடு போயிருக்கும். கேட்க வாய் வராமல், கிழவனை வெள்ளைக்காரன் காணிகளுக்குள்ளால் நாலு நாள் நடத்தி, மாட்டைப் பழக்குகிற மாதிரிப் பழக்கப் பார்த்தாய். உனக்கு அந்த மனிதர்களின் வரலாறு தெரியுமா? அவன் தகப்பன் வருசா வருசம் வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை எங்கள் பக்கத்துக்கு ஒரு சாண் அரக்கி நடுவான். எண்பத்தோராம் ஆண்டு அளந்து பார்த்தபோது கதியாலுக்குக் கால் முளைத்து ஆறடி உள்ளே வந்திருந்தது. ஆறு வருசம் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு அலைந்தேன். சங்கக்கடை மனேச்சர் வேலையையும் பார்த்துக்கொண்டு, லீவு எடுத்து, ஒவ்வொரு தவணைக்கும் வெயிலில் நின்றேன். அந்த ஆறடியை மீட்ட அப்பனிடம் பத்தடி கொடு என்று கேட்கிற பிள்ளையை நான் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இதெல்லாம் எழுதி, கடதாசியைக் கிழித்து, இந்த உறைக்குள்ளேயே போட்டு அனுப்புவது என்றுதான் முதற்கிழமை இருந்தேன்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், அவ முப்பத்திரண்டு வருசமாக என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கார்த்திகை, உனக்கு நாலு வயது. ஒன்பது நாள் விடாத மழை. சண்முகநாதனின் தாய், கனகாம்பிகை என்று பெயர், செத்துப்போனா. அவர்களுடைய ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர். காலை ஒன்பது மணியிருக்கும், அவன் எங்கள் படலைக்கு வந்தான். பத்து வருசத்துக்கு மேலாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன் நனைந்த வேட்டியோடு கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறான். ‘அண்ணை, அம்மாவை மட்டும் உங்கடை வளவுக்காலை கொண்டுபோக விடுங்கோ, பிறகு நான் இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டன்’ என்றான். எங்கள் காணி வளவால் நாற்பது எட்டு வைத்தால் கல்ரோட்டு. நொத்தாரிசு கந்தோரில் இருந்த கிளாக்கர் ஒருவர் எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார், ‘ஒருக்கால் பிணம் போக விட்டியளெண்டால் அது பாதைதான், பிறகு கோட்டிலை நிண்டு பிரயோசனமில்லை’ என்று. சட்டம் அப்படி இல்லை என்று இங்கே வந்து கனகாலத்துக்குப் பிறகுதான் ஒரு லோயர் சொல்லி அறிந்தேன். அன்றைக்கு அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. படலையைச் சாத்திச் சங்கிலியைக் கொழுவினேன். அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

அவர்கள் தண்ணீருக்குள்ளால் கொண்டுபோனார்கள். நான் வேலிக்குள்ளால் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. முன்னுக்குப் பிடித்தவனுக்குக் கால் சறுக்கியது, பாடை சரிந்தது, அந்த மனுசி தண்ணீருக்குள் விழுந்தா. சண்முகநாதன் தாயைச் சேற்றுத் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தடவித் தேடினான். பிடித்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பாடை இல்லாமலே மிச்ச வழியைத் தனியாக நடந்தான். அவன் எங்கள் பக்கம் திரும்பி ஏசுவான், மண் அள்ளி எறிவான் என்று நான் காத்து நின்றேன். அவன் திரும்பவே இல்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினான், அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பார்த்ததே இல்லை. இதை அவனும் அவன் மகனும் உனக்கு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதியிருந்தால் நீ என்னைக் கொண்டுபோய் அந்தப் பாதையில் ஏற்றியிருக்கமாட்டாய். அவன் ஏன் எழுதவில்லை என்று மூன்று கிழமையாக யோசிக்கிறேன், யோசிக்க யோசிக்க அவன் மேல் கோபம்தான் வருகிறது. அந்தக் கல்லில் இருந்து எழும்பிக் கடலுக்கு நடந்தபோது துடக்கைத்தான் கழுவப் போகிறேன் என்று நானும் நினைத்தேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

உன் உறை இவ்வளவு நாளும் அலுமாரியில் என் சேட்டுகளுக்குக் கீழே கிடந்தது. கையெழுத்து வைக்காமல் இருக்கக் கதியால் கதை ஒரு சாட்டு. இன்றைக்கு என்னால் படலையைத் திறக்க முடியுமென்றால் அன்றைக்கும் திறந்திருக்க முடியும் என்றாகிவிடும், அதுதான் காரணம். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் நான் இவ்வளவு காலமும் படுத்து எழும்பியிருக்கிறேன். மனம் வந்தால்தான் படலையைத் திறக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன், எனக்கு மனம் வரவில்லை, ஆகவே திறக்கவில்லை, கணக்குச் சரி. அந்த ஸ்டெபனி என் கணக்கைக் கெடுத்துவிட்டாள். ஒரு துளி மனம் இல்லாமல், மூஞ்சையை நீட்டிக்கொண்டு, அவள் எனக்குத் திறந்தாள், நான் உள்ளே போய்ச் சூடு பிடித்தேன். நானும் அவனை வெறுத்துக்கொண்டே திறந்திருக்கலாம். நாற்பது எட்டு, ஐந்து நிமிசம், பிறகு சாத்தியிருக்கலாம்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை பஸ் எடுத்து மார்க்கம் ரோட்டிலுள்ள லோயர் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன். கடதாசி இதற்குள் இருக்கிறது. அம்மாவும் முழங்காலோடு கூட வந்தா. பத்தடி என்று இருந்ததை வெட்டிப் பன்னிரண்டடி ஆக்கியிருக்கிறேன், ஓரத்தில் நாங்கள் இருவரும் சின்னக் கையெழுத்து வைத்திருக்கிறோம், நீயும் வை. பத்தடியில் அம்புலன்ஸ் உள்ளே போகும், கதவைத் திறந்து ஆளை ஏற்ற இடம் இருக்காது. அதைக்கூட அளந்து பார்க்காமல் பாதை கேட்க வந்துவிட்டீர்கள். கல்ரோட்டுப் பக்கத்தில் இருக்கிற பழைய படலையைக் கழற்றிவிடச் சொல், திரும்ப வேறு ஒன்றும் போடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு மனம் மாறிவிட்டது என்று ஒருவருக்கும் சொல்லித் திரியாதே. மாறவில்லை. சண்முகநாதனை எனக்குப் பிடிக்காது, அவன் தகப்பன் கதியால் அரக்கியவன்தான், உன் மேலுள்ள கோபம் இந்த வருசத்துக்குள் ஆறாது, இனி ரிக்கற் போட்டாலும் வரமாட்டேன்.

அட்சயாவைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒழுங்காக விடு. மருமகன் மலையில் ஏறி இறங்கும்போது மூச்சு வாங்குகிறார், பிரஷர் பார்க்கச் சொல். நீ இரவு வேலைக்குப் போகிற நாட்களில் தலையைக் காயவைக்காமல் வெளியே போகாதே, அந்த ஊர்க் குளிர் எனக்குத் தெரியும். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், ஒருவரோடு ஒருவர் ஒளிவுமறைவில்லாமல், நீண்டகாலம் நிறைவாக வாழவேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

மறக்கவேண்டாம்: அவன் நன்றி சொன்னான் என்றோ, பழசை மறந்துவிட்டான் என்றோ, என்னை மன்னித்தான் என்றோ ஒரு வரியும் எனக்கு எழுதாதே. மாரி தொடங்க முதல் மண் கொட்டிப் பாதையை உயர்த்தினார்களா, தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு
கோபம் தீராத உன் அப்பா
மகேஸ்வரன்